கறுத்துப்போன பழைய மேசையைத் தேய்த்துவிட்டு வார்னிஷ் அடிக்கலாமா?

பழைய மர எழுத்து மேசை ஒன்று கைக்கு வந்திருக்கிறது, மேலெல்லாம் கறுத்துக் கிடக்கிறது, மெஷினால் தேய்த்துவிட்டுப் புதிதாக வார்னிஷ் அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு உப்புத்தாளைத் தொடாதீர்கள். நான் தொட்டிருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

என் கைக்கு முதலில் வந்தது ஒரு சின்ன பக்கமேசை. கெட்டி மரம் என்று நினைத்து மெஷினை ஓட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, நடுவில் கையகலத்துக்கு வெளிறிய திட்டு ஒன்று தெரிந்தது. மேலே இருந்தது வெனீர், அதாவது அழகுக்காக மேலே ஒட்டும் மெல்லிய மரத் தகடு. அது தேய்ந்துபோய் அடியிலிருந்த சாதாரண மரம் வெளியே வந்துவிட்டது. அதைத் திரும்ப ஒட்டவைக்க வழியே இல்லை. யாரோ ரேகை பார்த்துப் பொறுக்கி ஒட்டிய தகடு என் அவசரத்தில் தூளாகிப் போனது. இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இரண்டாவதாகக் கிடைத்தது உங்களுடையதைப் போலவே ஒரு எழுத்து மேசை. கொட்டகை ஒன்றில் காகிதக் கட்டுகளுக்கு அடியில் கிடந்தது. இந்த முறை மேல்பக்கத்தை விட்டுவிட்டு டிராயரைத்தான் முதலில் உருவினேன். ஒரு சாமானின் வயதை மேல்பக்கம் சொல்லாது, பாலிஷ் போடாத பக்கங்கள்தான் சொல்லும். டிராயரின் மூலையில் பலகைகள் புறா வால் போல விரிந்த பற்களால் கோத்திருக்கும். பல் ஒவ்வொன்றும் ஒரே அளவில் அச்சடித்தாற்போல இருந்தால் மெஷின் வேலை. என் மேசையில் ஒன்று அகலம், அடுத்தது ஒடுக்கம், ஓரத்தில் தச்சர் அளவுக்குக் கீறிய கோடுகூட அப்படியே இருந்தது. டிராயரின் அடிப்பலகையை விரலால் தடவினால் மெல்லிய அலை அலையாகத் தட்டுப்பட்டது. அது கை இழைப்புளி ஓடிய தடம். வட்ட ரம்பம் அறுத்திருந்தால் வில் போன்ற வளைந்த கீறல்கள் இருந்திருக்கும்.

ஸ்க்ரூவையும் பாருங்கள். தலையில் நட்சத்திரம் போலக் குறுக்குவெட்டு உள்ள ஸ்க்ரூ 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. என் மேசையில் பூட்டைப் பிடித்திருந்தவை ஒற்றை வெட்டு ஸ்க்ரூக்கள். ஆனால் கைப்பிடிக் குமிழ்களில் நட்சத்திர ஸ்க்ரூ இருந்தது. மேசையே புதிதோ என்று ஒரு கணம் மனம் தளர்ந்துவிட்டது. அப்புறம் டிராயர் முகப்பை உள்பக்கமாகப் பார்த்தால், மரக்கட்டை வைத்து அடைத்த பழைய துளைகள்! குமிழ்களைப் பின்னால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். ஆக, ஒரே ஒரு அடையாளத்தை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

சரி, மேல்பக்கத்துக்கு வருவோம். பஞ்சில் டர்பன்டைன் தொட்டுத் துடைத்தேன். கறுப்பில் பாதி அதிலேயே வந்துவிட்டது. அது வெறும் புகையும் அழுக்கும் பழைய மெழுகும்தான். அடுத்து, கண்ணில் படாத ஓர் இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் (மெத்திலேட்டட் ஸ்பிரிட் என்னும் ஆல்கஹால்) வைத்துப் பாருங்கள். ஓரிரு நிமிடத்தில் பிசுபிசுத்தால் அது அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு மசியாமல் தின்னருக்கு மட்டும் இளகினால் லக்கர், அது 1920களுக்குப் பிறகு மரச்சாமான்களில் பரவியது. இரண்டுக்கும் அசையாவிட்டால் பெரும்பாலும் வார்னிஷ் அல்லது பாலியூரிதேன்.

என்னுடையது அரக்கு. அதில் ஒரு பெரிய நன்மை உண்டு. எத்தனை காலம் ஆனாலும் அரக்கு மறுபடி ஸ்பிரிட்டில் கரையும், அதனால் புதுப் பூச்சு பழைய பூச்சோடு உருகி ஒன்றாகிவிடும். அதாவது, எதையும் உரிக்கவே வேண்டியதில்லை. பிரஷில் ஸ்பிரிட் தொட்டு ரேகையை ஒட்டி ஒரே போக்கில் இழுத்தேன். பாளம் பாளமாக வெடித்திருந்த பழைய பூச்சு இளகி, பரவி, சமமாக உட்கார்ந்தது. அடியிலிருந்த அந்தப் பழுப்பு, பல வருட வெளிச்சத்தில் மரம் தானாகப் பெற்ற நிறம், எந்த டப்பாவிலும் கிடைக்காது. தேய்த்திருந்தால் முதலில் போயிருப்பது அதுதான்.

டம்ளர் வைத்த வளையங்கள் இருந்தால் நிறத்தைப் பாருங்கள். வெள்ளை வளையம் என்றால் ஈரம் பூச்சுக்குள் மாட்டியிருக்கிறது, ஸ்பிரிட் லேசாகப் பட்ட துணியால் வருடினாலே பெரும்பாலும் மறைந்துவிடும். கறுப்பு வளையம் வேறு சமாச்சாரம். தண்ணீரோடு இரும்பும் சேர்ந்து மரத்தின் துவர்ப்போடு வினைபுரிந்த கறை அது, மரத்துக்குள்ளேயே இறங்கியிருக்கும். அதற்குப் பூச்சை எடுத்துவிட்டு ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் பூச வேண்டும், கையுறை கட்டாயம். கறை இருக்கும் இடத்தில் மட்டும் பூசாமல் பலகை முழுவதும் பூசுங்கள், இல்லாவிட்டால் அங்கே மட்டும் வெளிறித் தெரியும். பிறகு நன்றாகக் கழுவி உலர விட வேண்டும். என் மேசையில் வலது கை வாகில் ஒரு மைக்கறை இருந்தது. அதை நான் எடுக்கவில்லை. அங்கே உட்கார்ந்து எழுதிய ஒருவருடைய தடம் அது.

ஆடிய காலைச் சரிசெய்யும்போது, விலங்குத் தோல், எலும்பைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரப் பசையையே வைத்தேன். பழைய தச்சர்கள் ஒட்டியதும் அதில்தான். வெந்நீர் பட்டால் இளகும், நாளைக்கு இன்னொருவர் பழுது பார்க்கவும் வழி இருக்கும். எபாக்சி போட்டால் அந்த வழி அடைந்துவிடும்.

கடைசிப் பூச்சுக்கு 1 லிட்டர் ஸ்பிரிட்டில் 200 கிராம் அரக்குச் செதில் போட்டு ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டினேன். பஞ்சைப் பழைய பருத்தித் துணியில் பொதிந்து, அதில் தோய்த்து, மெல்லிசாக, பல நாள் பூசினேன். துணியைப் பலகையின் மேல் ஒரு நொடிகூட நிறுத்தக் கூடாது, ஒட்டிக்கொள்ளும். அரக்குக்குச் சூடு ஆகாது என்பதையும் மறக்க வேண்டாம், சூடான பாத்திரத்தை அதன் மேல் நேராக வைக்காதீர்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. மேசையில் பழைய பெயின்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கக்கூடும், சோதிக்காமல் உலர்வாகத் தேய்க்காதீர்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பற்றும். விரித்துக் காயவைத்த பிறகே எறியுங்கள்.

என் மேசையில் இறுகிப்போய் வராமலிருந்த ஒரு டிராயரும் உண்டு. அதைச் சீவ வேண்டியிருக்கும் என்று பயந்தேன். ஓடும் பட்டைகளில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தேன், அவ்வளவுதான். இப்போது ஒரு விரலால் இழுத்தாலே வருகிறது.