தலையை நேராக்காதீர்கள்

கேள்வி: எங்கள் மகனுக்கு மூன்று மாதம். பிறக்கும்போதே முடி, புருவம் எல்லாம் வெள்ளை. அல்பினிசம் என்றார் மருத்துவர். இப்போது கண்மணி இரண்டும் பக்கவாட்டில் ஆடிக்கொண்டே இருக்கின்றன. என் வழியில் வந்த குறை என்று வீட்டில் பேசுகிறார்கள். வளர வளர நிறம் வருமா? அடுத்த குழந்தைக்கும் இப்படி ஆகுமா?

பதில்: முதலில் அந்த ‘உன் வழி’ பேச்சை நிறுத்தச் சொல்லுங்கள். தோல், முடி, கண் மூன்றிலும் நிறம் குறையும் அல்பினிசம் வர, மாறுபட்ட மரபணு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று சேர வேண்டும். ஒன்று மட்டும் இருப்பவருக்கு வெளியே எதுவும் தெரியாது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீத வாய்ப்பு உண்டு. ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்தது தப்பும் என்று கணக்குப் போடாதீர்கள்.

நிறம் வகையைப் பொறுத்தது. நிறம் தரும் பொருளான மெலனினை உண்டாக்கும் டைரோசினேஸ் நொதி அறவே வேலை செய்யாவிட்டால் முடி வெள்ளையாகவே இருக்கும். ஓரளவு செய்தால் வயதோடு மஞ்சளாகும், பழுப்பாகும்.

என் கவலை கண்ணைப் பற்றித்தான். மெலனின் குறைந்தால் விழித்திரையின் மையப்பகுதி சரியாக உருவாவதில்லை. கண்ணாடி போட்டால் பார்வை கொஞ்சம் தெளியும், முழுமையாகாது. விழி ஆட்டம் பெரும்பாலும் வயதோடு குறையும்.

என் தம்பிக்கும் இதுதான். முதல் பெஞ்சில் உட்கார்ந்தும் கரும்பலகை தெரியாது. கழுத்தைச் சாய்த்துக் கடைக்கண்ணால் பார்ப்பான். ஓர் ஆசிரியர் தினமும் அவன் தாடையைப் பிடித்து நேராக்குவார். நேராக்கியதும் எழுத்தெல்லாம் கலங்கிவிடும் அவனுக்கு. விழி ஆட்டம் மிகக் குறையும் கோணத்தை அவனாகவே கண்டுபிடித்து வைத்திருந்தான் என்பது, நான் மருத்துவம் படிக்கும்போதுதான் புரிந்தது. வீட்டில் நாங்களும் அதட்டியிருக்கிறோம். நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. உங்கள் மகன் தலையைச் சாய்த்தால் விட்டுவிடுங்கள். பள்ளியில் சேர்க்கும் அன்றே ஆசிரியரிடமும் சொல்லிவிடுங்கள்.

வெயிலில் தொப்பி, முழுக்கைச் சட்டை கட்டாயம். கண் மருத்துவரிடம் இந்த மாதமே காட்டுங்கள். அப்புறம், லேசாகப் பட்டாலே கன்றிப்போகிறதா, மூக்கில் அடிக்கடி ரத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். ஹெர்மான்ஸ்கி-புட்லாக் என்ற அரிய வகையில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் சரியாக வேலை செய்யாது. அப்படி ஏதும் தெரிந்தால், எந்த அறுவை சிகிச்சைக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.