வாசகர் கேள்வி பதில்: அமெரிக்கப் பேராளர் கணக்கு

கேள்வி: அமெரிக்க அதிபர் வேட்பாளர் தேர்வில் ஒருவர் மாநிலத்தை வென்றார் என்று டிவியில் சொல்கிறார்கள். இரண்டாவதாக வந்தவருக்கும் அதே அளவு பேராளர்கள் (கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வாக்களிப்பவர்கள்) கிடைக்கிறார்களே, எப்படி?
வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: நமக்குப் பழக்கமான கணக்கு அங்கே பொருந்தாது. மலேசியாவின் அம்னோ கட்சித் தலைவர் தேர்தலில் கட்சியின் 191 தொகுதிகளுக்குத் தலா ஒரு வாக்கு. தொகுதியில் முந்தியவருக்கு அந்த வாக்கு முழுதாகப் போய்விடும். அமெரிக்காவின் ஜனநாயகக் கட்சியோ வாக்கு விகிதப்படி பேராளர்களைப் பங்கிடுகிறது. 15 விழுக்காட்டை எட்டாதவருக்கு ஒன்றுமில்லை. இந்தப் பங்கீடு மாநில அளவில் ஒருமுறையும், பெரும்பாலான மாநிலங்களில் ஒவ்வொரு நாடாளுமன்றத் தொகுதியிலும் தனித்தனியாகவும் நடக்கிறது.

தாளில் போட்டுப் பாருங்கள். ஒரு தொகுதிக்கு 4 பேராளர்கள். நால்வர் வாங்கிய வாக்கு 44, 30, 14, 12 விழுக்காடு. கடைசி இருவரும் 15ஐத் தொடாததால் கழித்துவிடுகிறோம். மிச்சம் 74. முதலாமவரின் பங்கு 44/74, அதை 4ஆல் பெருக்கினால் 2.38. இரண்டாமவருக்கு 1.62. முழு எண்களைக் கொடுத்தபின் மீதமுள்ள ஓர் இடம் பெரிய பின்னம் உள்ளவருக்கு. ஆக, 2க்கு 2! பதினான்கு புள்ளி முந்தியும் ஒரு பேராளர்கூடக் கூடவில்லை. இருவர் மட்டும் மோதினால், 4 பேராளர் உள்ள இடத்தில் 3க்கு 1 கிடைக்க 62.5 விழுக்காட்டைத் தாண்ட வேண்டும். 3 பேராளர் உள்ள இடத்தில் ஒரு வாக்கு கூடினாலும் 2க்கு 1. ஒற்றைப்படைத் தொகுதிகளில்தான் பிரசாரப் பணம் கொட்டுவது இதனால்தான். 2008இல் நெவாடாவில் ஹிலாரி கிளிண்டன் ஏறக்குறைய 51க்கு 45 என்று முந்தினார்; அன்றைய பேராளர் கணக்கில் ஒபாமாவுக்கு 13, கிளிண்டனுக்கு 12.

குடியரசுக் கட்சியில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். 2016இல் சவுத் கரோலைனாவில் டிரம்ப் வாங்கியது 32.5 விழுக்காடு, அள்ளியது 50 பேராளரையும். மாநிலத்திலும் ஏழு தொகுதிகளிலும் முதலிடம் வந்தவருக்கே எல்லாம் என்ற விதி அது. ஆகவே அந்தக் கட்சியின் போட்டியைப் பார்க்கும்போது முதலில் அந்த மாநிலத்தின் விதியைப் படியுங்கள், பிறகு வாக்கைப் பாருங்கள்.

கேள்வி: கோலாலம்பூரில் எத்தனை மணிக்கு முடிவு பார்க்கலாம்?
வாசகர், செந்தூல்

பதில்: அங்கே செவ்வாய் இரவு, நமக்குப் புதன் காலை. அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும் மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை கிழக்குக் கடற்கரைக்கும் நமக்கும் 13 மணி நேர வித்தியாசம், அதற்குப் பிறகு 12. இதை மறந்தால் ஒரு மணி நேரம் பிந்திவிடுவீர்கள். பல மாநிலங்கள் ஒரே நாளில் வாக்களிக்கும் மார்ச் தொடக்கத்து ‘சூப்பர் டியூஸ்டே’ என்றால், டெக்சசில் பெரும்பாலான வாக்குச்சாவடிகள் நமது காலை 9க்கு மூடும்; வேறு நேர மண்டலத்திலுள்ள எல் பாசோ 10க்கு. பெரிய டிவி நிலையங்கள் 10க்கு முன் வெற்றியாளரைச் சொல்வதில்லை. கலிபோர்னியா நண்பகல் 12.

கலிபோர்னியாவில் மட்டும் அன்றைய எண்ணை நம்பி இறுதிக் கணக்கு போடாதீர்கள். தேர்தல் நாள் அஞ்சல் முத்திரை இருந்தால் பிந்தி வரும் தபால் வாக்கும் செல்லும். கையெழுத்தை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதால் எண்ணிக்கை வாரக்கணக்கில் நீளும். ஜனநாயகக் கட்சிப் போட்டியில் முதல் நாள் 14.6 விழுக்காட்டில் நின்றவர் பிறகு 15ஐத் தாண்டினால், முன்னணியில் இருப்பவர்களின் பங்கும் குறையும்.

கேள்வி: அறிவித்த வெற்றி மாறியதுண்டா?
வாசகர், பட்டர்வொர்த்

பதில்: உண்டு. 2012 ஜனவரியில் அயோவாவில் குடியரசுக் கட்சிப் போட்டியில் ரோம்னி 8 வாக்கில் முந்தியதாகச் சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்துச் சரிபார்த்த கணக்கில் சான்டோரம் 34 வாக்கு முன்னால். அங்கே நடந்தது காக்கஸ், அதாவது கட்சியே நடத்தும் கூட்டம். எண்ணிக்கைத் தாள்களும் தன்னார்வலர் கையில். அதனால் காக்கஸ் மாநில முடிவை உங்கள் குறிப்பேட்டில் முதலில் பென்சிலால் எழுதுங்கள்.