பாட்டு போட்டா கால் வருது, நடக்கச் சொன்னா வரல: டான்ஸ் தெரபி கை கொடுக்குமா?

கேள்வி: என் தங்கச்சிக்கு 24 வயசு. நாலு மாசமா வலது காலை இழுத்து இழுத்துதான் நடக்குறா. எம்ஆர்ஐ, நரம்பு டெஸ்ட் எல்லாம் நார்மல், நியூராலஜி டாக்டர் 'ஃபங்ஷனல்'னு, அதாவது நரம்புல அடி இல்ல, அது வேலை செய்யற விதத்துலதான் கோளாறுன்னு, எழுதிக் கொடுத்திருக்கார். சின்ன வயசுல ஏழு வருஷம் பரதம் கத்துக்கிட்டவ. போன வாரம் டிவில பாட்டு ஓடும்போது அடுப்படில நின்னு அதே வலது காலால தாளம் தட்டிட்டு இருந்தா. அம்மா பாத்துட்டு "அப்போ இத்தனை நாள் நடிச்சியா"ன்னு கேட்க, வீட்ல பெரிய ரகளை. டான்ஸ் தெரபி இவளுக்கு உதவுமா? பழைய டான்ஸ் கிளாஸ்லயே சேத்துவிடலாமா?

பதில்: முதல்ல அம்மாகிட்ட சொல்லுங்க, தங்கச்சி நடிக்கல. அந்த அடுப்படி சம்பவம்தான் நீங்க எழுதினதுலயே நல்ல சேதி.

கம்பிக் கோலம் போடுறவங்கள பாத்திருப்பீங்க. கை பாட்டுக்கு புள்ளிய சுத்திட்டே போகும், நடுவுல யாராவது "இப்போ எந்தப் பக்கம் வளைக்கணும்"னு கேட்டா அப்படியே நின்னுடும், அப்புறம் யோசிச்சு யோசிச்சு போட்டா கோலம் கோணிடும். தானா ஓடுற அசைவுக்குள்ள கவனம் புகுந்து கெடுக்குற கதை இது. ஃபங்ஷனல் பிரச்சினைல இதுதான் ரொம்ப பெரிய அளவுல, அவங்க இஷ்டமே இல்லாம நடக்குது. நரம்புல அடி இல்ல, ஆனா காலை நகர்த்தணும்னு நினைச்ச உடனே மூளை "இது வராது"ன்னு முன்கூட்டியே ஒரு கணக்கு போட்டுடுது, கவனமும் காலுலயே போய் ஒட்டிக்குது. பாட்டு வந்து கவனம் தாளத்துக்குப் போனதும் பழைய வழி திறந்துக்குது.

இதை டாக்டர் படுக்க வெச்சே காட்டலாம். வலது குதிகாலை கட்டில்ல அழுத்தச் சொன்னா பலம் இருக்காது, ஆனா இடது காலை மேல தூக்கச் சொல்லி நாம அதை அமுக்கிப் பிடிச்சா, அந்த வலது குதிகால் தானா கட்டில்ல நல்லா அழுந்தும். ஹூவர்ங்கிற டாக்டர் 1908-லயே எழுதி வெச்ச டெஸ்ட். இதை பொய்ய கண்டுபிடிக்கிற பொறி மாதிரி செய்யக்கூடாது, "பாரும்மா, பலம் உள்ளதான் இருக்கு, கூப்பிடுற வழிதான் அடைச்சிருக்கு"ன்னு பேஷன்ட்டுக்கே காட்டி புரியவைக்கணும். அடுத்த தடவை போகும்போது இதை செஞ்சு காட்டச் சொல்லி கேளுங்க, அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க.

சரி, டான்ஸ் தெரபி. உதவ வாய்ப்பு இருக்கு, ஆனா இதை மட்டும் நம்பி உக்காரக்கூடாது. இந்தப் பிரச்சினைக்குன்னு தனியா வடிவமைச்ச பிசியோதெரபிதான் முதல் படி. அதுலயும் அற்புதம் எதிர்பாக்காதீங்க. பிரிட்டன்ல 355 பேரை வெச்சு செஞ்சு 2024-ல வெளியான ட்ரையல்ல, ஒரு வருஷம் கழிச்சு உடல் இயக்க ஸ்கோர்ல வழக்கமான சிகிச்சையவிட பெரிய வித்தியாசம் வரல, ஆனா "என் அசைவு முன்னைக்கு நல்லாருக்கு"ன்னு சொன்னவங்க இந்தத் தனி பிசியோ எடுத்தவங்கள்லதான் அதிகம். டான்ஸ் தெரபிக்கு அந்த அளவுல பெரிய ட்ரையல் இல்ல, சின்னச் சின்ன முயற்சிகள்தான். அதனால "பத்து செஷன்ல கேரண்டி"ன்னு பேக்கேஜ் விக்கிறவங்ககிட்ட போகாதீங்க.

டான்ஸ் கிளாஸ் வேற, டான்ஸ் தெரபி வேற. 1942-ல வாஷிங்டன்ல செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனைல மரியன் சேஸ்ங்கிற டான்ஸர் இந்தத் தெரபிய ஆரம்பிச்சப்போ ஸ்டெப் சொல்லிக் கொடுக்கல, நோயாளி எப்படி அசையுறாங்களோ அதையே தானும் வாங்கி திருப்பிக் கொடுத்து அங்கிருந்துதான் பேச்சை ஆரம்பிச்சாங்க. உங்க தங்கச்சியோட பழைய கிளாஸ்ல என்ன நடக்கும்? கண்ணாடி, தட்டுக்கழி, "அரைமண்டி பத்தல, முட்டி வெளிய, பாதத்தைப் பாரு". அந்தப் "பாதத்தைப் பாரு"தான் இப்போதைக்கு விஷம். டீச்சர் மேல தப்பு இல்ல, பரதம் அப்படித்தான் கத்துக்கணும், ஆனா தன் காலையே உத்துப் பாத்து உத்துப் பாத்துதான் இவ இங்க வந்து நிக்கிறா. அதனால இப்போ சேக்காதீங்க.

வீட்ல, பிசியோகிட்ட காட்டிட்டு, இதை செஞ்சு பாருங்க. அடுப்படி மேடைப் பக்கமா நின்னு ஒரு கையால அதைப் பிடிச்சுக்கட்டும், கண்ணாடி வேண்டாம், அரைமண்டி வேண்டாம், நேரா நின்னாலே போதும். "தை யா தை" அவளே வாய்விட்டு சொல்லட்டும், இன்னொரு கையால தாளம் போடட்டும், கால் வந்தா வரட்டும் வராட்டி போகட்டும். முதல்ல உடம்பு எடைய ரெண்டு காலுக்கும் மாத்தி மாத்தி ஆடுறது, அப்புறம் காலால தட்டுறது. அந்த ஆட்டம் நிக்காமலே ஒரு அடி முன்னாடி, பின்னாடி ஒண்ணு. பின்னாடி நடக்கும்போது சிலருக்கு கால் ஆச்சரியமா சரியா வரும், தரைல வழுக்குற மாதிரி பாதத்தைத் தள்ளினாலும் வரும். அஞ்சு நிமிஷம் போதும், நல்லா வருதேன்னு அன்னிக்கு அரை மணி நேரம் ஆடிட்டு மறுநாள் பூரா படுக்கைல கிடக்குறதுதான் நான் அதிகம் பாக்குற தப்பு. சோர்வு இந்த நோயோட கூடவே வரும்.

நிஜமான வேலை இதுக்கப்புறம்தான். தாளத்துல வந்த கால் பாத்ரூமுக்கு நடக்கும்போதும் வரணுமே. அதனால சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமா குறைங்க: வாய்விட்டு, முணுமுணுப்பு, மனசுக்குள்ள, அப்புறம் மனசுக்குள்ளயும் இல்லாம ஏதாவது பேசிட்டே. வாசல்வரைக்கும், தெருமுனைவரைக்கும். நடுவுல கால் மறுபடி பூட்டிக்கிட்டா திட்டி இழுக்காம நின்னு, எடைய மாத்தி ஆடி, திரும்ப ஆரம்பிக்கணும்.

தெரபிஸ்ட் தேடினா ஒரே கேள்வி கேளுங்க: "ஃபங்ஷனல்னு எழுதிருக்காங்க, நியூராலஜி டாக்டர்கிட்டயும் பிசியோகிட்டயும் பேசுவீங்களா?" மழுப்பினா வேற ஆள். "மனசுல எதையோ அடக்கி வெச்சிருக்கே, ஆடி வெளிய கொட்டு"ன்னு முதல் நாளே ஆரம்பிக்கிறவங்களும் வேண்டாம். எல்லாருக்கும் பின்னாடி ஒரு சோகக் கதை இருக்கணும்னு இல்ல, மனநல டாக்டர்கள் நோயைக் கண்டுபிடிக்கப் பாக்குற கையேடு டிஎஸ்எம்-5, 2013-ல வந்தப்போ அந்த நிபந்தனையவே எடுத்துடுச்சு. இருந்தா அவளே சொல்லுவா, அப்போ சைக்காலஜிஸ்ட்டையும் சேத்துக்கலாம்.

புதுசா முகம் கோணல், பேச்சு குழறல், திடீர்னு வேற கை கால் மரத்துப்போறதுன்னு வந்தா "இதுவும் ஃபங்ஷனல்தான்"னு நீங்களே முடிவு பண்ணாம நேரா எமர்ஜென்சி போங்க.

அம்மாவுக்கு ஒரு வேலை கொடுங்க. தாளம் போடட்டும். ஆனா காலைப் பாக்காம, முகத்தைப் பாத்து.