செல்போன் சந்தேகங்கள்: எனக்கு மட்டும் ஏன் 16 வரவில்லை?

கேள்வி: அண்ணா, எங்களுக்கு நாகலூரில் காபித் தோட்டம். மிளகு விலை கேட்பது, ஆட்களுக்குக் கூலி அனுப்புவது எல்லாம் என் போனில்தான். அதில் ஆண்ட்ராய்டு 14 இருக்கிறது. தம்பி போனுக்கு 16 வந்துவிட்டது. எனக்கு மட்டும் ஏன் வரவில்லை? புதுப் போன் வாங்கணுமா?
– வாசகி, ஏற்காடு

பதில்: அவசரப்பட்டு வாங்காதீங்கம்மா. ஆண்ட்ராய்டு 16-ஐ கூகுள் 2025 ஜூன் 10 அன்று வெளியிட்டது. அன்றைக்கு அது கிடைத்தது கூகுளின் சொந்த பிக்சல் போன்களுக்குத்தான். மற்ற கம்பெனிகள் அதைத் தங்கள் சிப்புக்கும் கேமராவுக்கும் பொருத்தி, சோதித்துவிட்டு, முதலில் கொஞ்சம் பேருக்கு, கோளாறு இல்லையென்றால் மீதிப் பேருக்கு என்று அனுப்பும். மாடலும் ஒரு காரணம். பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 போன்றவற்றுக்கு 7 வருஷம் அப்டேட் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். விலை குறைந்த பல மாடல்களுக்கு அதில் பாதிகூடக் கிடைக்காது.

ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது 14-ஆ 16-ஆ என்பதை அல்ல. செட்டிங்ஸில் 'அபவுட் போன்' போய் ஆண்ட்ராய்டு வெர்ஷனைத் தொடுங்கள். செக்யூரிட்டி அப்டேட் என்று ஒரு தேதி இருக்கும். போனில் திருடன் நுழையக்கூடிய ஓட்டைகளை எந்தத் தேதிவரை அடைத்திருக்கிறார்கள் என்று அது சொல்லும். அதுதான் உங்கள் வீட்டுப் பூட்டு. 2015-இல் 'ஸ்டேஜ்ஃப்ரைட்' என்று ஒரு ஓட்டை வெளியே தெரிந்தது. ஒரு எம்எம்எஸ், அதாவது படம், வீடியோ அனுப்பும் மெசேஜ், அனுப்பியே அப்போது போனுக்குள் நுழைந்துவிட முடிந்தது. அந்த ஆகஸ்டிலிருந்துதான் இப்படிப்பட்ட ஓட்டைகளை அடைக்கும் வேலையை கூகுள் மாதாமாதம் செய்ய ஆரம்பித்தது. தேதி இந்த ஆறு மாதத்துக்குள் இருந்தால் 14-ஏ போதும்.

என் கடைக்கு எந்தப் போன் வந்தாலும் முதலில் அந்தத் தேதியைத்தான் பார்ப்பேன். போன மாதம் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவர் சார்ஜ் ஏறவில்லை என்று வந்தார். சார்ஜர் துளையில் மெருகுத் தூள் கறுப்பாக அடைத்திருந்தது. ஊசியால் எடுத்துவிட்டுத் தேதியைப் பார்த்தேன்: 2021 மார்ச் 1. பட்டறைக் கூலி முழுக்க அதில்தான் அனுப்புகிறார்! துளையைச் சுத்தம் செய்ய ஐம்பது ரூபாய் வாங்கினேன். பணப் பரிமாற்றத்தை வேறு போனுக்கு மாற்றச் சொல்லி அரை மணி நேரம் மன்றாடினேன். உங்கள் தேதியும் இரண்டு வருஷம் பின்தங்கியிருந்தால், அப்போது புதுப் போனைப் பற்றி யோசியுங்கள்.

பெரிய அப்டேட் என்றால் ஒரு ஜிபியைத் தாண்டும். மலையில் சிக்னல் போய்ப் போய் வருவதால் டவுன்லோடு பாதியில் நின்றால் பயப்படாதீர்கள். பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். சேலத்துக்கு இறங்கும் நாளில் சொந்தக்காரர் வீட்டு வைஃபையில், சார்ஜரில் மாட்டிவிட்டுப் போடுவது உத்தமம்.

கேள்வி: 'வங்கி ஆப் புது அப்டேட்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வருகிறது. போடலாமா?
– வாசகர், அம்மாப்பேட்டை

பதில்: தொடவே தொடாதீர்கள். என் அக்கா தொட்டுவிட்டது. தறியில் உட்கார்ந்தபடியே திறந்திருக்கிறது. எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டதும் 'அலவ்' கொடுத்துவிட்டது. ஓடிபி அக்கா கண்ணில் படுவதற்குள் எவனுக்கோ போய்ச் சேர்ந்தது. 18,400 ரூபாய், பாவு வாங்க எடுத்து வைத்த பணம். இரண்டு நாள் தறிச் சத்தமே கேட்கவில்லை அந்த வீட்டில்.

போனுக்கான அப்டேட் செட்டிங்ஸில் வரும், ஆப்புக்கானது ப்ளே ஸ்டோரில் வரும். வாட்ஸ்அப்பில் எந்த வங்கியும் ஆப்பையோ அதன் அப்டேட்டையோ ஃபைலாக அனுப்பாது. ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் நெட்டை அணையுங்கள். வேறொருவர் போனிலிருந்து 1930-க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுங்கள். வங்கிக்கும் சொல்லிக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். அப்புறம் போனை எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள்.