மாடு போன பிறகும் மணி ஒன்பதா?

கேள்வி: "நாலு மணிக்கு எழுந்து பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்ற வேண்டியிருந்ததால், ராத்திரி ஒன்பது மணிக்குப் படுத்துவிட வேண்டும் என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். பதினோரு வருடமாக மீறியதில்லை. மாடுகளை விற்று இரண்டு வருடம் ஆகிறது. இப்போது எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடக்கிறது. நாலு நாளாக ராத்திரியில் மிருதங்கச் சத்தம் கேட்கும்போது மனசு அங்கேயே ஓடுகிறது. ஒரு நாள் மீறினால் கட்டுப்பாடே போய்விடுமோ? சீட்டுக்குக் கட்ட வைத்திருக்கும் பணத்தில் அக்காவோடு ஒகேனக்கல் போகவும் ஆசை. மனசு சொல்வதைக் கேட்கலாமா?"
– ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: அம்மா, மாடே இல்லாத வீட்டில் யாருக்காக ஒன்பது மணிக்கு விளக்கை அணைக்கிறீர்கள்? அந்தச் சட்டம் மாட்டுக்காக வந்தது. நாலு மணிக்கு மடி கட்டிக் கத்தும் உயிர் ஒன்று இருந்தவரை அது நியாயம். மாடு போன அன்றே அதுவும் போயிருக்க வேண்டும். இன்று உங்களைப் பிடித்து வைத்திருப்பது கட்டுப்பாடு இல்லை, பழக்கம்.

போங்கள். இன்றைக்கே போங்கள்.

கூத்தைப் பாதியில் போய்ப் பார்க்காதீர்கள். முதல் வேஷம் வரும்போதே அங்கே இருக்க வேண்டும். இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்து நிற்பார்கள். மேலே கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். கீழே சலங்கை கட்டிய கால் மண்ணை உதைத்துக்கொண்டிருக்கும். முகம் தெரியாது, குரல் மட்டும் வரும். பாட்டு ஏற ஏறத் துணி ஆடும். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் சீண்டிக்கொண்டே இருப்பான். கடைசியில் திரை விலகி, அரிதாரம் பூசிய அந்த முகம் வெளிச்சத்துக்கு வரும்போது நம் முதுகு தானாக நிமிரும். சின்ன வயதில் என் பாட்டியின் மடியில் படுத்துக்கொண்டு அதை முதலில் பார்த்தேன். இன்னும் சலங்கைச் சத்தம் கேட்டால் எனக்கு அந்தப் புடவையின் வாசனை வரும். இதைக் காதில் மட்டும் வாங்கிக்கொண்டு நாலு ராத்திரி புரண்டு படுத்திருக்கிறீர்களே, அதுதான் எனக்கு வருத்தம்.

மறுநாள் தலை கனக்கும், சமையல் தாமதமாகும். ஆகட்டும். மத்தியானம் தூங்கிக்கொள்ளலாம்.

சீட்டுப் பணத்தைத் தொடாதீர்கள். அது உங்கள் ஒருவர் சட்டம் இல்லை. கூடச் சீட்டுக் கட்டும் மற்றவர்களுக்குக் கொடுத்த வாக்கு. ஒகேனக்கல்லுக்கு அவ்வளவு பணமும் தேவையில்லை. பென்னாகரம் வழியாக பஸ்ஸிலேயே போய்விடலாம். மீனை நீங்களே பார்த்து வாங்கி, அங்கே சமைத்துத் தரும் பெண்களிடம் கொடுத்தால் மசாலா தடவிப் பொரித்துத் தருவார்கள். பாறை மேல் உட்கார்ந்து அக்காவும் நீங்களும் சாப்பிடுங்கள். காவிரியில் நீர்வரத்து கூடினால் குளிக்கவும் பரிசலில் போகவும் தடை போடுவார்கள். மனசு எவ்வளவு அடித்துக்கொண்டாலும் அந்தத் தடையை மீறக் கூடாது.

இன்னொன்று. சிவனிடம் அஸ்திரம் வேண்டி அர்ச்சுனன் தவம் செய்யும் ‘அர்ச்சுனன் தபசு’ அன்று சுற்றுப்பட்டு ஊர்ச் சனமெல்லாம் வந்துவிடும். தபசு மரமாக நட்டிருக்கும் கம்பத்தில் அர்ச்சுனன் வேஷக்காரர் ஏறுவதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டுமென்றால், சாயங்காலமே பாயை விரித்துப் போட்டுவிட்டு வாருங்கள். விடியற்காலையில் பனி இறங்கும், போர்வையும் எடுத்துக்கொள்ளுங்கள்.