ஓட்டை வலை – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நலம்தானே? நீங்கள் எழுதும் மற்ற விஷயங்களுக்கு நான் கடிதம் போட்டதில்லை. இது கால்பந்து விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

ராத்திரி கண் முழித்து இங்கிலாந்து லீக் பார்ப்பது எனக்கும் என் மகனுக்கும் பழக்கம். போன வாரம் எங்கள் டீம் கோல் போட்டது. பயல் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு ஆச்சி எழுந்து லைட்டைப் போட்டுவிட்டாள். அப்புறம் நாலு நிமிஷம் ரெஃப்ரி காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். கடைசியில், கால் பெருவிரல் டிஃபெண்டரைத் தாண்டி நீட்டியிருந்ததாம், அதனால் ஆஃப்சைடாம், கோல் இல்லையாம். பெருவிரலை வைத்து எவனாவது கோல் போடுவானா? இது போதாதென்று வருஷத்துக்கு ஒரு புதுச் சட்டம். கோலி, அதாவது கோல்கீப்பர், எட்டு செகண்டுக்கு மேல் பந்தைப் பிடித்திருந்தால் எதிராளிக்குக் கார்னர். கேப்டன் தவிர யாரும் ரெஃப்ரியிடம் போய்ப் பேசக் கூடாது. உடம்பு முழுசாக டிஃபெண்டரைத் தாண்டி, நடுவில் இடைவெளி தெரிந்தால்தான் ஆஃப்சைடு என்று ஆர்சனலின் பழைய கோச் வெங்கர் சொல்கிறாரே, அது ஒன்றுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. அதை மட்டும் எடுத்துக்கொண்டு, வி.ஏ.ஆர். என்கிற வீடியோ அறைத் தீர்ப்பு உட்பட மற்றதையெல்லாம் தூக்கிப் போட்டால் என்ன?

உங்களிடம் கேட்கக் காரணம் இருக்கிறது. இந்த வியாதி எங்கள் ஊர்ப் போட்டிக்கும் வந்துவிட்டது. கடற்கரை ஊர், மே லீவில் பத்து நாள் போட்டி. போன வருஷம் செமி ஃபைனலில் கையில் பட்டது என்று பெனால்டி கொடுத்தார்கள். உடனே முப்பது பேர் செல்போனைத் தூக்கிக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டார்கள். ஆளுக்கொரு வீடியோ. ரெஃப்ரி விசிலைக் கழற்றிக் கமிட்டி மேஜையில் வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார். இந்த வருஷம் 'சந்தேகம் வந்தால் வீடியோ பார்த்துத் தீர்ப்பு' என்று கமிட்டியில் பேச்சு. நான் ஒருத்தன்தான் வேண்டாம் என்கிறேன். நான் சொல்வது சரிதானா?

பெயர் போட வேண்டாம். கமிட்டியில் எல்லாரும் சொந்தக்காரர்கள்.

ஒரு வாசகர்,
உவரிப் பக்கம்

அன்புள்ள தம்பி,

முதலில் பெருவிரல். 2002 உலகக் கோப்பை அரையிறுதியில் பிரேசிலின் ரொனால்டோ துருக்கிக்கு எதிராகப் போட்ட ஒரே கோல் பெருவிரலால் குத்தியதுதான். அதில்தான் பிரேசில் ஃபைனலுக்குப் போனது. பெருவிரலைக் குறைத்துப் பேச வேண்டாம்.

வெங்கர் யோசனை உங்களுக்குப் பிடித்திருக்கிறது. எனக்கு அவ்வளவாக இல்லை. எங்கள் வீடு தாமிரபரணிப் பாசனம். வரப்புத் தகராறு பார்த்து வளர்ந்தவன் நான். வரப்பை நாலடி தள்ளிப் போட்டால் தகராறும் நாலடி தள்ளிப் போகும், அவ்வளவுதான். இப்போது முன்னால் நீட்டிய பெருவிரலுக்குக் கோடு போடுகிறார்கள். வெங்கர் சொன்னபடி செய்தால் பின்னால் விட்ட குதிகாலுக்குக் கோடு போடுவார்கள். உங்கள் மகன் அப்போதும் நாலு நிமிஷம் காத்திருப்பான். கோல்கள் கூடும் என்பது வேறு வாதம், அதை ஒப்புக்கொள்கிறேன். 1925 வரை முன்னால் ஓடுகிறவனுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிராளிகள் மூன்று பேர் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஆஃப்சைடு. இரண்டு பேர் போதும் என்று மாற்றியதும் கோல்கள் மளமளவென்று விழுந்தன. 1990-இல், சமமாக நின்றால் ஆஃப்சைடு இல்லை என்று இன்னும் தளர்த்தினார்கள். ஆக, ஆஃப்சைடு என்பது எப்போதுமே நகர்ந்துகொண்டிருக்கிற வரப்புதான்.

உண்மையான கோளாறு அளப்பதில் இருந்தது. சாதாரண டிவி கேமரா செகண்டுக்கு 50 படம் எடுக்கிறது என்று வையுங்கள். முழு மூச்சில் ஓடுகிறவன் செகண்டுக்கு எட்டு மீட்டர் போவான். அப்படியானால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் 16 சென்டிமீட்டர், முக்கால் சாணுக்குக் கொஞ்சம் குறைச்சல். பந்து காலை விட்டுக் கிளம்பியது இந்தப் படத்திலா அடுத்ததிலா என்பதிலேயே முக்கால் சாண் போய்விடுகிறது. அதன் மேல் நூல் பிடித்துக் கோடு போட்டால் யார் நம்புவார்? 2022 கத்தார் உலகக் கோப்பையில் கூரைக்கடியில் 12 கேமரா, பந்துக்குள் செகண்டுக்கு 500 தடவை சேதி அனுப்பும் சென்சார் என்று வைத்ததும் இந்தச் சந்தேகம் பெரிதும் குறைந்தது. செலவுக்குக் கணக்குப் பார்க்காதவர்கள் செய்யக்கூடிய காரியம்.

சட்டமே மாறக் கூடாது என்கிறீர்களே, அதிலும் நான் உங்கள் பக்கம் இல்லை. பெனால்டியே 1891-இல் புகுந்த புதுச் சட்டம். யோசனை சொன்னவர் அயர்லாந்துக்காரர் ஒருவர், அவரே ஒரு கோலி என்பதுதான் வேடிக்கை. இந்தத் திருத்தங்களைச் செய்வது 1886-லிருந்து இருக்கும் ஐ.எஃப்.ஏ.பி. என்கிற சபை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்கு ஆளுக்கு ஒரு ஓட்டு, ஃபிஃபாவுக்கு நாலு. ஆறு ஓட்டு விழுந்தால்தான் ஒரு வரி மாறும். நினைத்தபோதெல்லாம் மாற்றிவிட முடியாது.

1990 உலகக் கோப்பை உங்களுக்கு நினைவிருக்காது. எங்கள் தெருவில் ஒரே ஒரு டிவி, ராத்திரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தோம். ஒரு கோல் முன்னால் இருக்கிற டீம் பந்தைக் கோலிக்குத் தள்ளும். அவர் கையில் எடுத்துத் தட்டித் தட்டி நடப்பார், உருட்டிவிடுவார், திரும்ப அவருக்கே வரும். மறுபடி கையில் எடுப்பார். பார்க்கிறவனுக்குக் கொட்டாவி வரும். 52 ஆட்டத்தில் 115 கோல்தான். 1992-இல், சொந்த ஆள் காலால் தள்ளிய பந்தைக் கோலி கையால் தொடக் கூடாது என்றார்கள். அன்றைக்கும் 'ஆட்டம் செத்தது' என்று எழுதியவர்கள் உண்டு. இன்றைக்குக் கோலிகள் காலால் பாஸ் போடுவதைப் பார்த்து நீங்கள் கை தட்டுகிறீர்களே, அது அந்தச் சட்டத்தின் பிள்ளை.

எட்டு செகண்டுக்கு வருவோம். எனக்கு இதுதான் சமீபத்தில் வந்ததிலேயே புத்திசாலித்தனமானது. முன்பு ஆறு செகண்டு என்று சட்டம் இருந்தது. மீறினால் பெனால்டி பாக்ஸுக்குள்ளேயே எதிராளிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக். ஒரு கோலி ஏழு செகண்டு பந்தைப் பிடித்ததற்கு அவ்வளவு பெரிய தண்டனையா என்று ரெஃப்ரிகள் கண்டுகொள்ளாமல் விட்டார்கள். கோலிகள் இருபது எண்ணும் வரை வைத்துக்கொண்டார்கள். ஊர்க் கூட்டத்தில் ஐம்பது ரூபாய் அபராதம் போட்டால் வசூலாகும், ஐம்பதாயிரம் போட்டால் காகிதத்தோடு சரி. 2025-இல் தண்டனையை இறக்கிக் கார்னர் ஆக்கினார்கள். கடைசி ஐந்து செகண்டை ரெஃப்ரி கையைத் தூக்கி விரல் விட்டு எண்ணுகிறார். கொடுக்கக்கூடிய தண்டனை என்பதால் கோலிகள் பயந்து பந்தை விடுகிறார்கள்.

இனி வி.ஏ.ஆர். இதற்கு ஒரு பழைய கதை சொல்லியாக வேண்டும். வெளியே சொல்லாத கதை.

எண்பதுகளின் கடைசி. பாளையங்கோட்டையில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தேன். கூடப் படித்தவனின் ஊர் கடற்கரை, அங்கே போட்டி பார்க்கப் போயிருந்தேன். ஊர்ப் பேர் வேண்டாம், உங்கள் ஊர் இல்லை. ஒரு லைன்ஸ்மேன் வரவில்லை. 'காலேஜ் பையன்தானே, பிடிடே' என்று மூங்கில் கம்பில் கட்டிய சிவப்புத் துண்டை என் கையில் கொடுத்துவிட்டார்கள். மைதானம் என்பது கோயிலுக்குப் பின்னால் இறுகின மணல். சுண்ணாம்புக் கோட்டைக் காற்று பாதி ஆட்டத்திலேயே கொண்டுபோய்விட்டது. கோல் கம்பத்தில் கட்டியிருந்தது கழித்துப் போட்ட மீன் வலை.

ஆட்டம் முடியப் பத்து நிமிஷம். இடது பக்கத்திலிருந்து ஒருத்தன் ஓங்கி அடித்தான். பந்து கம்பத்தை ஒட்டிப் போய்ப் பின்னால் காய்ந்துகொண்டிருந்த கருவாட்டில் விழுந்தது. ஒரு பக்கம் 'கோல்!', மறுபக்கம் 'வெளியே!' ரெஃப்ரி ஒரு பி.டி. வாத்தியார், அறுபதை நெருங்கியவர். மூச்சு வாங்க என்னிடம் ஓடி வந்து கேட்டார்: 'பாத்தியாடே?' நான் அந்த நொடியில் கண்ணில் விழுந்த மணலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஐந்நூறு பேர் என்னையே பார்க்கிறார்கள். 'பாத்தேன் சார். வெளியேதான்' என்றேன்.

அந்த டீம் ஒரு கோலில் தோற்றது. எல்லாரும் போன பிறகு வலைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். கம்பத்தை ஒட்டி ஒரு கிழிசல். நூலெல்லாம் பழுப்பேறிக் கிடக்க, அறுந்த முனைகள் மட்டும் வெள்ளையாக, வெளிப்பக்கம் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. அன்றைக்கு அறுந்தது. உள்ளே போன பந்து வலையைக் கிழித்துக்கொண்டு வெளியே போயிருக்கிறது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் என் முகத்தைப் பார்த்தார், நூலைப் பார்த்தார். மடியிலிருந்து வலை ஊசியை எடுத்து அங்கேயே உட்கார்ந்து முடிய ஆரம்பித்தார். நான் பஸ்ஸைப் பிடிக்க நடந்துவிட்டேன்.

2010 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லாம்பார்ட் அடித்த பந்து கோட்டைத் தாண்டி விழுந்ததும், ரெஃப்ரி கோல் இல்லை என்றதும் உலகமே பார்த்தது. எல்லாரும் அந்த லைன்ஸ்மேனைத் திட்டினார்கள். என்னால் முடியவில்லை. 2012-இல் கோல் கோட்டுக்கு எந்திரம் வைக்கலாம் என்று சம்மதித்தபோது, யாரோ என் தோளிலிருந்து மூட்டையை இறக்கிய மாதிரி இருந்தது. பந்து தாண்டியதா இல்லையா என்பதற்கு ஒரே பதில்தான் உண்டு. அதற்கு மனுஷன் வேண்டாம்.

கையில் பட்டது வேறு ஜாதிக் கேள்வி. உடம்பை இயல்புக்கு மீறி அகலப்படுத்தியிருந்தால் குற்றம் என்கிறது சட்டம். ஓடுகிறவனுக்குக் கை வீசுவது இயல்பு. அதையே மெதுவாக ஓட்டிப் பாருங்கள், அவன் யோசித்துக் கையை நீட்டிப் பந்தை வரவேற்கிற மாதிரி தெரியும். கால் செகண்டில் நடந்ததை ஐந்து செகண்டு பார்த்தால் எவனும் குற்றவாளிதான். உங்கள் ஊர் முப்பது போனும் முப்பது தீர்ப்புச் சொன்னது இதனால்தான்.

கேமரா சரியாகக் காட்டினாலும் பார்க்கிறவர்கள் சொதப்பலாம். 2023 செப்டம்பர் 30, டாட்டன்ஹாம்–லிவர்பூல் ஆட்டம். லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் போட்டது சுத்தமான கோல். மைதானத்தில் ஆஃப்சைடு என்றார்கள். வீடியோ பார்த்தவர்களோ மைதானத் தீர்ப்பு 'கோல்' என்று நினைத்துக்கொண்டு, 'பார்த்தாச்சு, சரி' என்று சொல்லிவிட்டார்கள். ஆட்டம் ஓடியது. கோடி கோடியாகக் கொட்டியும் கடைசியில் 'என்ன தீர்ப்பு கொடுத்தீர்கள்?' என்று ஒரு வார்த்தை கேட்காததால் வந்த வினை.

சரி, உங்கள் கமிட்டிக்கு. நீங்கள் சொல்வதில் பாதி சரி. இவ்வளவு செலவு செய்ய முடியாத லீகுகளுக்கென்று ஃபிஃபா ஒரு வழியைச் சோதித்துப் பார்த்தது, 2024-இல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில். தனி வீடியோ அறை கிடையாது. கோச் ஆட்டத்துக்கு இரண்டு தடவை அப்பீல் கேட்கலாம், கிரிக்கெட் மாதிரி. ஜெயித்தால் அந்த அப்பீல் கையிலேயே இருக்கும். ரெஃப்ரியே திரையைப் பார்த்து முடிவு சொல்வார். நம் பெரிய லீகான ஐ.எஸ்.எல்.லிலேயே வி.ஏ.ஆர். இல்லாத நாடு நமது. நமக்கு இந்த அளவு போதும்.

கமிட்டி போன் இரண்டை மட்டும் இரண்டு கோல் கோட்டுக்கும் நேராகக் கம்பு நட்டுக் கட்டுங்கள். கேப்டனுக்கு ஆட்டத்துக்கு ஒரு அப்பீல். பந்து தாண்டியதா என்பதற்கு மட்டும். ஃபவுல், கை எல்லாம் ரெஃப்ரி சொல்வதுதான். கூட்டத்திலிருந்து வருகிற போனை அவர் கையால் தொடக் கூடாது. அந்தக் கேப்டன் மட்டும் பேசலாம் என்கிற சட்டத்தை நீங்கள் கேலி செய்கிறீர்கள். 2024 யூரோ கோப்பையில் அதை வைத்தார்கள், ரெஃப்ரியைச் சுற்றி வளைக்கிற கூட்டம் குறைந்தது. காசே செலவில்லாத சட்டம் அது ஒன்றுதான், முதலில் அதைப் போடுங்கள். அப்புறம், விசிலை வைத்துவிட்டுப் போனாரே, அவர் வீட்டுக்கு நீங்களே நேரில் போய்க் கூப்பிடுங்கள். போனில் கூப்பிட்டால் வர மாட்டார்.

மே மாதம் நானும் வருகிறேன். கொடியை மட்டும் என் கையில் கொடுத்துவிடாதீர்கள். முதல் நாள் சாயங்காலமே வலை ஊசி தெரிந்த யாரையாவது கூட்டிக்கொண்டு போய், இரண்டு கோல் வலையையும் கம்பத்தை ஒட்டி ஒருதடவை தடவிப் பார்த்துவிடுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி