10 கிகாபிட் போர்ட், ஆனால் கிராஃப் 114 மெகாபிட்டைத் தாண்டவில்லை

ஸ்விட்சில் கோளாறு இல்லை. உங்கள் கண்காணிப்பு மென்பொருள், போர்ட் வழியே போகும் பைட்டுகளை எண்ணும் 32 பிட் கவுன்டரைப் படிக்கிறது. கிளஸ்டரில் (ஒன்றாக இணைத்த கணினிகளில்) வேலை முழு வேகத்தில் ஓடும்போதும் கிராஃப் 114 மெகாபிட்டோடு நின்றுவிடுகிறது என்கிறீர்களே, அந்த எண்ணே காட்டிக்கொடுக்கிறது.

32 பிட் கவுன்டர் சுமார் 429 கோடி பைட் எண்ணியதும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். 10 கிகாபிட் வேகத்தில் அதற்கு 3.4 விநாடி போதும். நீங்கள் படிப்பதோ 5 நிமிடத்துக்கு ஒருமுறை. நடுவில் எத்தனை சுற்று போனது என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? ஒரு சுற்றுக்குள்தான் அது கணக்கிடும்; 429 கோடியை 300 விநாடியால் வகுத்து 8ஆல் பெருக்கிப் பாருங்கள், 114 மெகாபிட்தான் வரும்.

அனேகமாக ஸ்விட்சை எஸ்.என்.எம்.பி. (நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்கும் நெறிமுறை) பதிப்பு 1இல் சேர்த்திருப்பீர்கள். அதில் 64 பிட் கவுன்டர் கிடையாது. 2சி அல்லது 3க்கு மாற்றி, 'இஃப்இன்ஆக்டெட்ஸ்' (உள்வரும் பைட்டுகளின் 32 பிட் கவுன்டர்) இருக்கும் இடத்தில் 'இஃப்எச்சிஇன்ஆக்டெட்ஸ்' (அதன் 64 பிட் வடிவம்) போடுங்கள். வெளியே போகும் 'அவுட்' பக்கத்துக்கும் அப்படியே.

அப்புறம், கிளஸ்டரின் இரண்டு நோடுகளுக்கு (கணினிகளுக்கு) நடுவே ஐபெர்ஃப்3 என்ற வேகச் சோதனைக் கருவியை 2 நிமிடம் ஓடவிடுங்கள் (சும்மா விட்டால் 10 விநாடியில் நின்றுவிடும்). புதிய கவுன்டரை 60 விநாடி இடைவெளியில் இருமுறை படித்து, வித்தியாசத்தை 8ஆல் பெருக்கி 60ஆல் வகுத்தால், ஐபெர்ஃப் காட்டுவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வரும். இடைவெளியைக் குறைக்காதீர்கள்; சில ஸ்விட்சுகள் கவுன்டரைச் சில விநாடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும்.

கிராஃப் சரியான பிறகும் எம்.பி.ஐ. வேலைகள் (நோடுகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிச் செய்பவை) இழுத்தால், 5 நிமிடச் சராசரியை நம்ப வேண்டாம். பல நோடுகள் ஒரே நோடுக்கு ஒரே கணத்தில் அனுப்பும்போது ஸ்விட்சின் பஃபர் (தற்காலிக நினைவகம்) நிரம்புவது அதில் தெரியாது. பெறும் நோடு இணைந்திருக்கும் போர்ட்டின் 'அவுட் டிஸ்கார்ட்ஸ்' (அனுப்பாமல் கைவிட்ட பாக்கெட்டுகளின் எண்ணிக்கை) ஏறுகிறதா என்று பாருங்கள்.